வயிற்றில் தொடங்கி மூட்டில் முடியும் நோய்: ஹான்ஸ் ரைட்டரின் பெயரை மருத்துவ உலகம் ஏன் அழித்தது?

சீதபேதி வந்து, மருந்து சாப்பிட்டு, சரியாகி இரண்டு வாரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் காலை முழங்கால் வீங்கி, கால் ஊன்ற முடியாது. கண் சிவந்திருக்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல். வயிற்றுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கும் தோணாது. ஆனால் சம்பந்தம் இருக்கு.

இந்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாக ஒரு ஜெர்மன் மருத்துவரின் பெயர்தான் இருந்தது. ‘ரைட்டர் சிண்ட்ரோம்’ என்று பாடப்புத்தகங்களில் அச்சாகி, உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த பெயர். இன்று அதே நோய்க்கு ‘ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ்’ என்று பெயர். பழைய பெயரை வைத்தவர்களில் ஒருவரே, 65 ஆண்டுகள் கழித்து, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார்.

யார் இந்த ஹான்ஸ் ரைட்டர்? அவர் என்ன செய்தார்?

லைப்சிக் முதல் லண்டன் வரை

ஹான்ஸ் ரைட்டர் 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, ஜெர்மனியின் லைப்சிக் நகரை ஒட்டிய ரோய்ட்னிட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். லைப்சிக், பிரெஸ்லாவ், டூபிங்கன் ஆகிய ஊர்களில் மருத்துவம் படித்தார். கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்த காலம் அது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலும், பிறகு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அல்ம்ரோத் ரைட்டிடமும் பயிற்சி பெற்றார். டைபாய்டு தடுப்பூசிக்காகப் பேர் வாங்கியவர் அல்ம்ரோத் ரைட். அதாவது, அன்றைக்கு ஒரு கிருமியியல் மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பயிற்சி ரைட்டருக்குக் கிடைத்திருந்தது.

1914ல் முதல் உலகப்போர். ரைட்டர் ராணுவ மருத்துவரானார். போர்முனையில் பதுங்கு குழிகளில் சேறும் எலியும் நிறைய. வீரர்களுக்குக் காய்ச்சலோடு மஞ்சள் காமாலை வந்தது. ‘வெய்ல் நோய்’ என்று அதற்குப் பெயர். எலிக்காய்ச்சல்னு நாம சொல்றோமே, அதன் கடுமையான வடிவம்தான். இந்த நோய்க்குக் காரணம் சுருள் சுருளாக இருக்கும் ஒருவகை பாக்டீரியா என்பதை 1915ல் ஹூபனர் என்ற மருத்துவருடன் சேர்ந்து ரைட்டர் கண்டறிந்தார். அதே காலத்தில் ஜப்பானிலும், ஜெர்மனியில் வேறொரு குழுவும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தன.

இது உண்மையான சாதனை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் செய்த தவறுக்கு இந்தச் சாதனையே வழி போட்டுக் கொடுத்தது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

1916: ஒரு ராணுவ அதிகாரி, ஒரு தப்புக் கணக்கு

ரைட்டர் பால்கன் போர்முனைக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒரு ஜெர்மன் லெப்டினன்ட் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். முதலில் வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி. ஒரு வாரம் போனது. பிறகு சிறுநீர்க் குழாயில் எரிச்சல், கண்களில் அழற்சி, அதைத் தொடர்ந்து மூட்டு மூட்டாக வீக்கம்.

இன்றைக்கு இந்த வரிசையைக் கேட்டாலே எந்த மூட்டுவாத மருத்துவரும் முதலில் பேதியைப் பற்றித்தான் விசாரிப்பார். ரைட்டரின் குறிப்பிலும் பேதி இருந்தது. ஆனால் அவர் கண் போன இடம் வேறு. நோயாளியின் ரத்தத்தில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைப் பார்த்ததாக அறிவித்தார். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். சிபிலிஸ் நோயை உண்டாக்கும் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றுதான் இந்த மூட்டு நோய்க்குக் காரணம் என்று 1916ல் கட்டுரை எழுதினார்.

அது தப்பு. அந்த நோய்க்கும் சுருள் கிருமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முந்தைய ஆண்டுதான் ஒரு சுருள் கிருமியைக் கண்டுபிடித்துப் பாராட்டு வாங்கியிருந்தார். அடுத்த நோயாளியிடமும் அதையே தேடினார், ‘பார்த்தார்’.

இதே 1916ல், எதிரணியில் இருந்த பிரான்ஸ் ராணுவத்தின் மருத்துவர்கள் ஃபியெசிங்கரும் லெருவாவும் சோம் போர்முனையில் பரவிய சீதபேதியைப் பற்றி எழுதினார்கள். பேதி வந்த வீரர்களில் நான்கு பேருக்குக் கண், சிறுநீர்க் குழாய், மூட்டு ஆகிய மூன்றிலும் பிரச்னை வந்ததை அவர்கள் கவனித்தார்கள். அவர்களின் கட்டுரை சீதபேதியில் தொடங்குகிறது. அதாவது, குடலை விட்டு அவர்கள் கண்ணை எடுக்கவில்லை. பிரான்ஸில் இந்த நோய்க்கு நீண்ட காலம் அவர்கள் இருவரின் பெயர்தான் வழங்கியது.

இன்னும் பின்னால் போனால், 1818லேயே லண்டன் அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடி இதே அறிகுறிகளுடன் வந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, ரைட்டர் முதல் ஆளும் இல்லை, சொன்ன காரணமும் சரியில்லை. அப்புறம் எப்படி அவர் பெயர் வந்தது? அதற்கு முன், அவர் போன பாதையைப் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளை கோட்டிலிருந்து நாஜி பதவிக்கு

போர் முடிந்த பிறகு ரைட்டர் ரோஸ்டாக்கில் பேராசிரியராக இருந்தார். மெக்லென்பர்க் மாகாணத்தின் சுகாதாரத் துறைத் தலைவரானார். 1931ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே சேர்ந்தவர் என்பதைக் கவனிக்கணும். வேலை போயிடும்னு பயந்து 1933க்குப் பிறகு கட்சி அட்டை வாங்கிய கூட்டத்தில் அவர் இல்லை. 1932ல் ஹிட்லருக்கு விசுவாச உறுதி அளித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

பலன் உடனே கிடைத்தது. 1933ல் ஜெர்மனியின் தேசிய சுகாதார அலுவலகத்துக்குத் தலைவரானார். 1945ல் நாஜி ஆட்சி விழும்வரை அந்த நாற்காலியில் அவர்தான்.

அந்த அலுவலகம் புகையிலைக்கு எதிராகப் பிரசாரம் செய்தது, முழுத்தானிய ரொட்டி சாப்பிடச் சொன்னது. கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. அதே அலுவலகத்தின் கீழ்தான் 1936ல் ‘இனச் சுகாதார’ ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ராபர்ட் ரிட்டர். பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் குழம்ப வேண்டாம், இவர் வேறு ஆள். ரோமா, சிந்தி மக்களை வீடு வீடாகப் போய் அளந்து, வம்சாவளி எழுதி, பட்டியல் போட்டது இந்தப் பிரிவு. அந்தப் பட்டியல்கள் பிறகு அவர்களை வதை முகாம்களுக்கு அனுப்பப் பயன்பட்டன.

‘குறைபாடு உள்ளவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் 1933ல் வந்தது. நாஜி ஆட்சிக் காலத்தில் சுமார் 4 லட்சம் பேர் இதற்கு ஆளானார்கள். நாட்டின் சுகாதார அலுவலகத் தலைவர் இந்தக் கொள்கையை மேடைகளில் ஆதரித்துப் பேசியவர்.

1941 டிசம்பர் 29: அந்த ஐந்து பேர் கூட்டம்

டைபஸ் என்பது பேன் மூலம் பரவும் கொடிய காய்ச்சல். டைபாய்டு வேறு, இது வேறு. கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் வீரர்களுக்கு இது பெரிய பயமாக இருந்தது. தடுப்பூசிகள் இருந்தன, ஆனால் எது வேலை செய்யும் என்று தெரியவில்லை.

1941 டிசம்பர் 29ஆம் தேதி ஒரு கூட்டம் நடந்தது. ராணுவ மருத்துவத் தலைவர் ஹான்ட்லோசர், சுகாதாரத் துறைச் செயலர் கான்டி, ராபர்ட் கோக் நிறுவனத் தலைவர் கில்டமைஸ்டர், எஸ்.எஸ். படையின் முருகோவ்ஸ்கி, சுகாதார அலுவலகத் தலைவர் ரைட்டர். புக்கன்வால்ட் முகாமில் நடந்த பரிசோதனைகளின் நாட்குறிப்பில் இந்த ஐந்து பெயர்களும் பதிவாகியுள்ளன. விலங்குகளிடம் செய்யும் சோதனை போதாது, மனிதர்களிடமே செய்துவிடலாம் என்பது அங்கே எடுக்கப்பட்ட முடிவு.

1942 ஜனவரியில் புக்கன்வால்டில் தொடங்கினார்கள். சில கைதிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சிலருக்குப் போடவில்லை. பிறகு எல்லோருக்கும் வேண்டுமென்றே டைபஸ் கிருமியைச் செலுத்தினார்கள். கிருமி சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சில கைதிகளுக்கு நோயை ஏற்றி வைத்திருந்தார்கள். அதாவது, மனித உடலையே கிருமி வளர்க்கும் பாத்திரமாக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள்.

நாஜி ஆட்சி வீழ்ந்ததும் கான்டி சிறையில் தற்கொலை செய்துகொண்டார். கில்டமைஸ்டர் 1945லேயே இறந்தார். முருகோவ்ஸ்கி நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் தண்டிக்கப்பட்டு 1948ல் தூக்கிலிடப்பட்டார். ஹான்ட்லோசருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, பின்னர் குறைக்கப்பட்டது.

ரைட்டர்? பிடித்து வைத்தார்கள், விசாரித்தார்கள், 1947ல் விட்டுவிட்டார்கள். நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 23 பேரில் அவர் இல்லை. காசெல் நகரில் மருத்துவராக வாழ்க்கையைத் தொடர்ந்தார். மூட்டுவாதத்திலும் ஆர்வம் காட்டினார். 1969 நவம்பர் 25 அன்று, 88 வயதில் இறந்தார்.

பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது?

இங்கதான் வேடிக்கையான விஷயம். புக்கன்வால்டில் சோதனை தொடங்கிய அதே 1942ல், அமெரிக்காவின் பாஸ்டனில் வால்டர் பாவர், எஃப்ரெய்ம் எங்கிள்மேன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். சிறுநீர்க் குழாய், கண், மூட்டு என மூன்று அறிகுறிகள். பழைய கட்டுரைகளைத் தேடியபோது 1916ஆம் ஆண்டு ஜெர்மன் கட்டுரை கிடைத்தது. ‘ரைட்டர் நோய்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள். அவ்வளவுதான்.

அந்த ரைட்டர் அந்த நேரத்தில் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவும் ஜெர்மனியும் போரில் இருந்தன. பெயர் அப்படியே பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது.

உண்மையில் நோய்க்குக் காரணம் என்ன?

பெயர் ஒரு பக்கம் பரவ, குடல்தான் காரணம் என்ற சங்கதி வேறு இடங்களில் உறுதியாகிக்கொண்டிருந்தது.

1944ல் பின்லாந்தில், போர்க்காலத்தில், ஷிகெல்லா என்ற பாக்டீரியாவால் பெரிய அளவில் சீதபேதி பரவியது. அதைத் தொடர்ந்து 344 பேருக்கு இந்த மூட்டு நோய் வந்ததை பாரோனென் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1962ல் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலில் 602 பேருக்கு ஷிகெல்லா பேதி. அவர்களில் சுமார் பத்து பேருக்கு மட்டும் மூட்டு வீக்கம் வந்தது.

ஒரே கப்பல், ஒரே கிருமி. ஏன் பத்து பேருக்கு மட்டும்?

இதற்கு ஒரு பகுதி பதில் 1973ல் கிடைத்தது. எச்.எல்.ஏ-பி27 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த வகை மூட்டு நோய்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்று லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கண்டறிந்தார்கள். கப்பல் சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்ட ஐந்து பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, நான்கு பேருக்கு அந்த மரபணு இருந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: இந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த நோயும் வருவதில்லை. மரபணு மட்டும் போதாது, கிருமியும் வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது? ஷிகெல்லா, சால்மோனெல்லா, யெர்சினியா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் குடலின் உட்சுவரைத் தாக்குகின்றன. குடலில் அழற்சி வருகிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் கிருமியோடு சண்டை போடுகின்றன. பேதி நின்றுவிடுகிறது. ஆனால் கிளர்ந்துபோன எதிர்ப்பு சக்தி அடங்குவதில்லை. ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் அது மூட்டுகளில் தெரிய ஆரம்பிக்கிறது. மூட்டில் நீர் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் பொதுவாகக் கிருமி எதுவும் வளராது. ஆனால் 1989ல் பின்லாந்து விஞ்ஞானிகள் நோயாளிகளின் மூட்டு நீரில் இருந்த அணுக்களுக்குள் யெர்சினியா கிருமியின் உடைந்த துண்டுகளைப் பார்த்தார்கள். முழுக் கிருமி இல்லை, அதன் மிச்சங்கள் மட்டும் மூட்டு வரை போயிருக்கின்றன.

கிளாமிடியா போன்ற பால்வினைத் தொற்றுக்குப் பிறகும் இதே மூட்டு நோய் வரலாம். அதனால் எல்லா நோயாளிக்கும் குடல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பேதி வராமலே குடலில் அழற்சி

1980களில் பெல்ஜியத்தின் கென்ட் நகர மருத்துவர்கள் மீலான்ட்ஸும் ஃபைஸும் ஒரு காரியம் செய்தார்கள். முதுகுத்தண்டையும் மூட்டுகளையும் தாக்கும் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் குடலில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்ன பலருக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அழற்சி இருந்தது. வலி மூட்டில், புண் குடலில். நோயாளிக்கே தெரியாது.

அடுத்தது எலிகள். எச்.எல்.ஏ-பி27 மரபணு செலுத்தப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சியும் மூட்டு அழற்சியும் வந்தன. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது இரண்டுமே வரவில்லை. 1994ல் வெளியான இந்த ஆய்வு, குடலில் வழக்கமாக வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று காட்டியது. பேதியை உண்டாக்கும் வெளிக்கிருமி மட்டுமல்ல, நம் வயிற்றில் குடியிருக்கும் கூட்டமும் கணக்கில் வர வேண்டியதாயிற்று.

2013ல் நியூயார்க் ஆய்வாளர்கள், வேறொரு மூட்டு நோயான முடக்குவாதம் புதிதாக வந்து, சிகிச்சை தொடங்காத நோயாளிகளின் குடலில் ப்ரெவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா அதிகமாக இருப்பதைப் பார்த்தார்கள். அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ‘குடலைச் சுத்தம் செய்தால் மூட்டுவலி போயிடும்’ என்று போனில் வரும் ஃபார்வர்டுகளை நம்பிப் பவுடர் வாங்குவதற்கு இந்த ஆய்வுகள் எதுவும் ஆதாரம் ஆகாது.

மூட்டு திடீரென வீங்கினால் மருத்துவரிடம் கடந்த ஒரு மாதத்தில் பேதி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கண் சிவப்பு ஏதாவது வந்ததா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விடலாம். ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ் பலருக்குச் சில மாதங்களில் தானாக அடங்கும். சிலருக்கு நீண்ட நாள் தொடரும், அவர்களுக்குத் தொடர் சிகிச்சை தேவை.

பெயர் போன கதை

‘ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ்’ என்ற சொல் பின்லாந்து மருத்துவர்களிடமிருந்து 1969ல் வந்தது. யெர்சினியா குடல் தொற்றுக்குப் பிறகு வந்த மூட்டு அழற்சிக்கு அவர்கள் வைத்த பெயர். ரைட்டர் இறந்ததும் அதே ஆண்டுதான்.

ஆனாலும் பழைய பெயர் சுலபத்தில் போகவில்லை. ரைட்டரின் நாஜி காலத்து வேலைகள் மருத்துவர்களிடையே மெல்ல மெல்லத்தான் தெரியவந்தன. 1977ல் சில அமெரிக்க மருத்துவர்கள் இந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். பெயரை மாற்றினால் குழப்பம் வரும் என்று சிலர் சொன்னார்கள். நல்ல மருத்துவர்தான், அரசியல் வேறு என்றவர்களும் உண்டு. ஆனால் அவர் இந்த நோயைப் பற்றிச் சொன்ன மருத்துவக் கருத்தே தப்பாக இருந்தபோது, அந்த வாதத்துக்குப் பிடிமானம் எங்கே? 2003ல் மூட்டுவாத மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் பலர் இனி இந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

2007ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. ‘ரைட்டர்’ என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று 1942ல் சொன்ன யோசனையைத் திரும்பப் பெறுகிறோம், இவர் போர்க்குற்றவாளி, இவருக்கு இந்த கௌரவம் கூடாது என்பது அதன் சாரம். கையெழுத்திட்ட நான்கு மருத்துவர்களில் ஒருவர், பாஸ்டனில் அன்று இளம் மருத்துவராக இருந்த அதே எஃப்ரெய்ம் எங்கிள்மேன். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. பாவர் இறந்து பல காலம் ஆகியிருந்தது. எங்கிள்மேன் 2015ல், தன் 104ஆவது வயதில் காலமானார்.

பழைய மருத்துவப் புத்தகங்களிலும், வயதான நோயாளிகளின் பழைய ஃபைல்களிலும் ‘ரைட்டர்’ என்ற சொல் இன்னும் கண்ணில் படலாம். அதற்குப் பக்கத்தில் ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ் என்று எழுதிக்கொண்டால் போதும், இரண்டும் ஒரே நோய்தான்.